பிரதி எண் 1

மயிலாடுதுறை,
ஞாயிறு இரவு

அன்புள்ள பாப்பாவுக்கு,

கேசட் வந்து சேர்ந்தது. உறை கொஞ்சம் நசுங்கியிருந்தது, உள்ளே ஒன்றும் ஆகவில்லை. அட்டையில் உன் கையெழுத்தில் 1/40 என்று பார்த்ததும் அம்மாவுக்குத் தலைகால் புரியவில்லை. முதல் பிரதியே நமக்குத்தான் என்று எதிர்வீடு வரைக்கும் போய்ச் சொல்லிவிட்டு வந்தாள். போன கேசட்டில் நமக்கு 2 வந்தது. ‘1 எங்க வீட்லயே இருக்கும்பா’ என்று நீ அப்போது சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கிறது. அதை அம்மாவிடம் நான் எடுக்கவில்லை.

டெக்குக்கு பெல்ட் மாற்றி, ஹெட்டை ஸ்பிரிட்டால் துடைத்து, இரண்டு பக்கத்தையும் மூன்று தடவை கேட்டுவிட்டேன். ஏ பக்கத்தில் ஒன்பதாவது நிமிடத்திலிருந்து வில்லைத் தந்தியில் இழுக்காமல் வயலினின் மரத்தில் இழுக்கிறாயே, முதல் தடவை அது கதவுக் கீல் மாதிரி இருந்தது. மூன்றாவது தடவை யாரோ தூக்கத்தில் மூச்சு விடுகிற மாதிரி இருந்தது. நான் கொடுத்தனுப்பிய டிரான்சிஸ்டரில் சிற்றலையைத் திருகும்போது வரும் ஊளை அதோடு வந்து சேரும் இடம் ரொம்ப நன்றாக இருக்கிறது. பல இடங்களில் நாடாவின் இரைச்சல் மட்டும்தான் மிச்சம். வினாடிக்கு 4.76 சென்டிமீட்டர் மட்டும் ஓடும் நாடா, இரையத்தான் செய்யும். டால்பி போட்டு அதை அமுக்க நாங்கள் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். நீ அதையும் ஒரு வாத்தியமாக உட்காரவைத்திருக்கிறாய். பட்டமங்கலத் தெருவில் இருபது வருஷம் ரெக்கார்டிங் கடை வைத்திருந்தவன் சொல்கிறேன், இதைச் செய்ய எனக்குத் துணிச்சல் வந்திருக்காது.

ஒன்று மட்டும். அறையில் எதிரொலி அதிகம். போன கேசட்டும் அதே வீட்டில், அதே முன்னறையில்தான் எடுத்தாய். அதில் ஒவ்வொரு சத்தமும் எழுந்த இடத்திலேயே அடங்கியது. புத்தக அலமாரி, சோபா, கம்பளம் எல்லாம் சத்தத்தைக் குடித்துவிடும். இந்தத் தடவை ஒவ்வொன்றும் சுவரில் மோதித் திரும்பி வருகிறது. மேலத்தெரு வீட்டைக் காலி செய்த அன்று கூடத்தின் நடுவில் நின்று கை தட்டித் தட்டிப் பார்த்தாயே, அந்தச் சத்தம். தரையில் ஒரு கம்பளம் வாங்கிப் போடு பாப்பா. ஜன்னலுக்குக் கனமான திரை போடு. குளிருக்கும் நல்லது.

2019இல் நாங்கள் லண்டன் வந்தபோது டால்ஸ்டனில் கஃபே ஓட்டோவுக்கு அழைத்துப்போனாய். ஒருவர் கிதாரை மேசைமேல் படுக்கவைத்து வாசித்தார். இதைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தது 1965இல் தொடங்கிய ஏ.எம்.எம். குழுவின் கீத் ரோ என்று என் காதில் சொன்னாய். வந்திருந்தவர்கள் இருமக்கூட யோசித்து உட்கார்ந்திருந்தார்கள். திரும்பும்போது பஸ்ஸில் மாப்பிள்ளைதான் எனக்கு டெரெக் பெய்லி என்ற கிதார்க்காரரைப் பற்றிச் சொன்னார். எந்த மரபின் சாயலும் விழாமல் வாசிக்கப் பார்த்த ஷெஃபீல்டுக்காரர், அப்படிப்பட்டவர் மனோதர்ம வாசிப்பைப் பற்றி எழுதிய புத்தகம் இந்திய இசையிலிருந்துதான் தொடங்குகிறது என்றார். திருவாவடுதுறை ராஜரத்தினம் பிள்ளையின் தோடியைத் தெருவில் நின்று விடிய விடியக் கேட்டதாக உன் தாத்தா சொல்வாரே, அதை நான் அவருக்குச் சொன்னேன். பிள்ளைவாளுக்குத் தோடி என்று ஒரு வீடு இருந்தது, அதற்குள் இஷ்டப்படி அலைந்தார், நீங்கள் வீடே இல்லாமல் அல்லவா கிளம்புகிறீர்கள் என்று கேட்டேன். சிரித்தார். எவ்வளவு பொறுமையாகப் பேசினார் அன்றைக்கு. நல்ல மனிதர். அவ்வளவுதான் சொல்ல வந்தேன்.

நாற்பது பிரதி மட்டும் ஏன் என்று அத்தை கேட்டாள். இசைத்தட்டு என்றால் சில நூறாவது அடிக்கச் சொல்வார்கள், மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டும், கேசட்டை வீட்டிலேயே ஒவ்வொன்றாகப் பதியலாம், கேட்கிறவர்கள் நாற்பது பேர் என்றால் நாற்பது போதும் என்று சொன்னேன். பெருமையாகத்தான் சொன்னேன். நீ சாதாரண வேகத்தில்தான் பதிந்திருக்கிறாய், அது கேட்டாலே தெரிகிறது. ஹை ஸ்பீடு டப்பிங்கில் மெல்லிய கீச்சுகள் மங்கிப்போகும். அப்படியென்றால் ஒரு மணி நேரம் ஓடும் சி-60 நாற்பது, நாற்பது மணி நேரம். அத்தனை நேரம் அந்த அறையில் உட்கார்ந்திருக்கிறாய். நேரத்துக்குச் சாப்பிட்டாயா? நாற்பது பேருக்குக் கேசட் பதிய நேரம் இருக்கிறது, ஏழு வாரமாக ஞாயிற்றுக்கிழமை போன் மட்டும் இல்லை. கட்டைவிரல் படம் வருகிறது. சரி, கோபத்தில் எழுதவில்லை.

போன கேசட்டில் பி பக்கம் பதின்மூன்றாவது நிமிடத்தில் வாசல் கதவு திறக்கும், சாவி கிண்ணத்தில் விழும். அதை வெட்டியிருக்கலாமே என்றேன். ‘அதுவும் வாசிப்புதாம்பா’ என்றாய். இந்தக் கேசட்டில் அறுபது நிமிடத்திலும் கதவு ஒரு தடவைகூடத் திறக்கவில்லை. நான் தேடிக்கொண்டு கேட்கவில்லை, காதில் படுகிறது. கம்பளம் கனமானதாக வாங்கு, ஓரம் வரைக்கும் போடு.

போனில் ‘எல்லாம் நல்லா இருக்குப்பா’ என்று சொல்கிறாயே, அந்தத் தொனி எனக்குத் தெரியும். அது என்னிடமிருந்து வந்தது. அதே தொனியில் நான் உன்னிடம் ஒரு பொய் சொல்லியிருக்கிறேன்.

1997 ஐப்பசி. உனக்குப் பன்னிரண்டு வயது. கடையிலிருந்த சின்ன டேப் ரெக்கார்டரைத் தூக்கிக்கொண்டு துலாக்கட்டத்தில் ஜனங்கள் முங்கி எழுவதை, தகரத்தில் மழை விழுவதை, ராத்திரித் தவளையை எல்லாம் பதிந்தாய். கொல்லையில் அப்பாயி மாவு இடிப்பதும், ‘தள்ளிப் போடி, உலக்கை பட்டுடப் போவுது’ என்று அவள் கத்துவதும் அதில் இருந்தது. ஸ்கெட்ச் பேனாவால் ‘சத்தங்கள்’ என்று எழுதிக் கடை மேசையில் வைத்திருந்தாய். அது மெஷினில் சிக்கி அறுந்துபோனது என்று நான் சொன்னேன் அல்லவா? அறுந்துபோகவில்லை. தீபாவளிக்கு முந்தின நாள் வெற்றுக் கேசட் தீர்ந்துவிட்டது. ஒருவர் பாட்டுப் பட்டியல் எழுதிக் கொடுத்து, பணமும் கட்டிவிட்டுப் போயிருந்தார். உன் கேசட்டை எடுத்துப் போட்டேன். கேட்காமல் செய்துவிட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது. இரண்டு நிமிடம் கேட்டேன். வெறும் சத்தம்தானே என்று தோன்றியது. அதன்மேல் பன்னிரண்டு சினிமாப் பாட்டைப் பதிந்து, உன் சீட்டைக் கிழித்துவிட்டு நாற்பது ரூபாய்க்குக் கொடுத்தேன்.

நீ அழவில்லை. ‘சரிப்பா’ என்றாய். தை மாதம் அப்பாயி போய்விட்டாள். ஊருக்கெல்லாம் பாட்டுப் பதிந்து கொடுத்த கடையில் என் அம்மா குரல் ஒரு நிமிடம்கூட இல்லை. இருந்த ஒரே இடத்தை நான்தான் அழித்தேன். நீ இந்த மாதிரி வாசிக்க ஆரம்பித்த பிறகு எத்தனையோ தடவை சொல்ல வாயெடுத்தேன். அன்று கஃபே ஓட்டோவில் அத்தனை பேர் மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒரு உரசலைக் கேட்டபோது என்னால் உன் முகத்தைப் பார்க்க முடியவில்லை. உனக்கு எதையும் எங்களிடம் சொல்லத் தோன்றாமல் போனதென்றால் அது அங்கேதான் தொடங்கியதோ என்று இப்போதெல்லாம் ராத்திரியில் யோசிக்கிறேன்.

உன் கேசட்டின் மேல் விளிம்பில் இருந்த இரண்டு பிளாஸ்டிக் மூடிகளையும் இன்று உடைத்துவிட்டேன். இனி யாரும் அதன்மேல் பதிய முடியாது.

அம்மா பருப்புப் பொடியும் நார்த்தங்காயும் கட்டி வைத்திருக்கிறாள். இந்தக் கடிதத்தை அவள் பார்க்கவில்லை. கம்பளத்துக்குப் பணம் அனுப்பட்டுமா? கனமான கம்பளத்தை ஒரு ஆளாக விரிப்பது கஷ்டம், ஒரு முனையைப் பிடிக்க இன்னொரு ஆள் வேண்டும். பீரோவிலிருந்து பாஸ்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். 2028 வரைக்கும் செல்லும்.

அன்புடன்
அப்பா