ஆழம் சொல்லாத விளக்க அட்டைகள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய கோட்டைகளிலும் அகழாய்வு இடங்களிலும் அமைந்துள்ள அருங்காட்சியகங்களைப் பற்றித் தங்கள் இதழில் வெளிவந்த கட்டுரையை வாசித்தேன். கட்டடங்களின் அழகையும் போய்வரும் வழிகளையும் கட்டுரையாளர் நன்றாகவே எழுதியிருந்தார். பெருநகர அருங்காட்சியகத்தில் கிடைக்காத எது இந்த இடங்களில் கிடைக்கிறது என்பதை மட்டும் அவர் தொடவில்லை.

ஆதிச்சநல்லூரை எடுத்துக்கொள்வோம். 1876இல் ஜெர்மானிய ஆய்வாளர் யாகோர் அங்கே தோண்டி எடுத்தவை பெர்லினுக்குப் போயின; பின்னர் ஆங்கிலேய ஆட்சிக்காலத் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ வெளிக்கொணர்ந்தவை சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் சேர்ந்தன. தாமிரபரணிக் கரையிலுள்ள அந்தப் பரம்பு மேட்டை நேரில் காணச் சென்றவர், ஒரு நூற்றாண்டுக்கும் மேலாக, வெறும் சரளை மண்ணைப் பார்த்துவிட்டுத் திரும்ப வேண்டியிருந்தது. இப்போது அகழ்வுக் குழியின்மேல் கண்ணாடித் தளம் அமைத்து, முதுமக்கள் தாழிகளைக் கிடந்த நிலையிலேயே காட்டுகிறார்கள். ஒரு தாழிக்கும் அடுத்த தாழிக்கும் இடையே எவ்வளவு நெருக்கம் என்பதை அங்கே குனிந்து பார்த்தால் போதும். கண்ணாடிப் பேழைக்குள் தனியாக நிற்கும் தாழி அதை ஒருநாளும் சொல்லாது. கிடைத்த பொருளைக் கிடைத்த இடத்திலேயே வைக்கும் எண்ணம் புதியதும் அன்று. காசிக்கு அருகிலுள்ள சாரநாத்தில், அன்றைய இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறைத் தலைவர் ஜான் மார்ஷலின் முயற்சியால் எழுந்த கள அருங்காட்சியகம் 1910இலேயே கட்டி முடிக்கப்பட்டது.

ஆனால் பொருள் அருகில் இருந்தால் மட்டும் போதாது. எங்கே, எந்த மண்ணடுக்கில், எத்தனை ஆழத்தில் கிடைத்தது என்று சொல்லவும் வேண்டும். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்தில் எடுக்கப்பட்ட கரிம மாதிரி கி.மு. 580ஐச் சேர்ந்தது என்றும், 200 சென்டிமீட்டர் ஆழத்து மாதிரி கி.மு. 205ஐச் சேர்ந்தது என்றும் ஆய்வறிக்கை கூறுகிறது. ஒரே குழியின் சுவரில் ஒன்றரை மீட்டர் கீழே இறங்கினால் ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகள் பின்னே போகிறோம் என்பது பள்ளிப் பிள்ளைக்கும் விளங்கக்கூடிய செய்தி. எனக்குத் தெரிந்தவரை தொல்லியலை விளக்க இதைவிட எளிய வழி இல்லை. அவ்வாறிருக்க, நான் சென்று பார்த்த பல கூடங்களில் விளக்க அட்டை ‘மட்கலம், சங்க காலம்’ என்ற அளவோடு நின்றுவிடுகிறது.

கோட்டைகளில் குறை வேறு வகையானது. அண்மையில் நான் சென்ற ஒரு கோட்டையின் அருங்காட்சியகம், சுற்றுவட்டாரச் சிற்பங்களையெல்லாம் கொண்டுவந்து அடுக்கிய கிடங்குபோல் இருந்தது. சிற்பங்கள் அழகானவைதாம். ஆயினும் கோட்டையை யார் எழுப்பினார், அகழிக்கு நீர் எவ்வழியாக வந்தது, வெடிமருந்து எங்கே இருந்தது என்று அறிய அங்கே ஒரு வரி இல்லை. ஊழியரிடம் கேட்டதற்கு, வெளியே கல்வெட்டு ஏதாவது இருக்கும், பாருங்கள் என்றார். தரங்கம்பாடியில் நிலைமை இதற்கு மாறானது. தஞ்சை நாயக்கர் இரகுநாதரின் இசைவோடு 1620இல் டேனியர் எழுப்பி, 1845இல் ஆங்கிலேயருக்கு விற்றுவிட்ட அந்தக் கோட்டைக்குள் சீனத் தேயிலைச் சாடியைப் பார்த்துவிட்டு வெளியே வந்தால், அதைக் கொண்டுவந்த கடல் எதிரிலேயே விரிந்து கிடக்கிறது. அங்கே நீண்ட விளக்கம் தேவைப்படுவதில்லை.

அருங்காட்சியகத்தைப் பார்த்துவிட்டுக் களத்துக்குப் போவதே பொதுவான வழக்கம். நான் அதை மாற்றி, முதலில் களத்தையும் பிறகு காட்சிக்கூடத்தையும் பார்த்துவிட்டு, மறுபடியும் ஒருமுறை களத்துக்குப் போகிறேன். முதல் நடையில் வெறும் செங்கல் வரிசையாகத் தெரிந்தது இரண்டாம் நடையில் வடிகாலாகத் தெரியும். இதற்கு உதவியாக, நுழைவாயிலில் குழிகளை எண்ணிட்டுக் காட்டும் ஒரு வரைபடமும், விளக்க அட்டைகளில் அதே குழி எண்ணும் ஆழமும் இருந்தால் போதும். அகழாய்வுப் பதிவேடுகளில் இவ்விவரங்கள் ஏற்கெனவே இருப்பவை. எடுத்து எழுதும் வேலைதான் மிச்சம்.

இந்தியத் தொல்லியல் ஆய்வுத் துறையின் கள அருங்காட்சியகங்களுக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை என்பதையும் கட்டுரையில் ஒரு வரி சேர்த்திருக்கலாம். பூட்டிய கதவைப் பார்த்துத் திரும்பிய அனுபவத்தில் சொல்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்