மூக்குக் குழாய் நாட்களில் கைகொடுத்தவர்களுக்கு

என் மகளுக்கு ஆறு வயது. இரத்தப் புற்றுநோய்க்குப் பினாங்கில் சிகிச்சை பெற்று வருகிறாள். போன மாதம் உணவு கொடுக்க அவள் மூக்கில் வைத்திருந்த குழாயை எடுத்துவிட்டார்கள். இப்போது வாயாலேயே சாப்பிடுகிறாள், உப்புக் காரம் குறை சொல்லிக்கொண்டே. ஒவ்வொருவர் வீட்டுக்கும் நேரில் வந்து சொல்ல வேண்டிய நன்றி இது. கூட்டத்துக்குள் அவளை இன்னும் அழைத்துப் போக முடியாததால் எழுதுகிறேன்.

புற்றுநோய் வந்த பிள்ளை சாப்பிடாது என்றுதான் எல்லாரும் நினைக்கிறார்கள். எங்களுக்குத் தொடக்கத்தில் நேர்மாறாக இருந்தது. ஸ்டீராய்டு மருந்து கொடுத்த வாரங்களில் நடுச்சாமத்தில் எழுப்பி இட்லி கேட்டாள். பிறகு மெத்தோட்ரெக்சேட் என்ற புற்றுநோய் மருந்தை (கீமோ) ஏற்றிய சுற்றுகளில் வாயெல்லாம் புண். தண்ணீர் பட்டாலே அலறினாள். இன்னும் ஒரு வாய் என்று நான் கெஞ்ச, அவள் உதட்டை இறுக்கிக்கொள்ள, சாப்பாட்டு நேரம் வந்தாலே வீட்டில் எல்லாருக்கும் வயிறு கலங்கியது. பாவாடை இடுப்பில் நிற்கவில்லை. மூக்கு வழியாக இரைப்பைக்குக் குழாய் வைக்கலாம் என்று டாக்டர் சொன்னபோது உறவில் ஒருவர், “குழாய் வைத்துவிட்டார்களா, அவ்வளவுதான்” என்றார். அவருக்கு இந்த மடலில் இடமில்லை.

டாக்டருக்கு முதல் நன்றி. குடல் நன்றாக வேலை செய்யும்போது இரத்தக்குழாய் வழியாகச் சத்து ஏற்றத் தேவையில்லை, அதில் கிருமித்தொற்று அபாயம் கூடுதல் என்று காகிதத்தில் படம் வரைந்து விளக்கினார். உடம்பு தேயத் தேய மருந்தைத் தாங்கும் சக்தி குறையும், கீமோ தள்ளிப்போகும் என்றார். எங்களை ஒரு முறைகூட அவசரப்படுத்தவில்லை.

குழாய் வைத்த தாதி மலாய்க்காரர். இரத்தத்தை உறையவைக்கும் தட்டணுக்கள் போதிய அளவு இருக்கின்றனவா என்று பார்த்த பிறகே தட்டை எடுத்து வந்தார். முதலில் மகளின் கரடி பொம்மைக்கு வைத்துக் காட்டினார். மூக்கு நுனியிலிருந்து காது மடல் வரை, அங்கிருந்து நெஞ்செலும்பின் அடி வரை குழாயைப் பிடித்து அளந்து, பேனாவால் கோடு போட்டார். அடுத்து அவளுக்கு. வாயில் உறிஞ்சுகுழலை வைத்துத் தண்ணீர் கொடுத்து, “முழுங்கு சாயாங் (செல்லம்), முழுங்கு” என்று அவர் சொல்லச் சொல்ல, ஒவ்வொரு மடக்குக்கும் குழாய் கொஞ்சம் உள்ளே போனது. இருமினாள், கண்ணீர் வழிந்தது, அதற்குள் வேலை முடிந்துவிட்டது. கன்னத்தில் தோல் உரியாதிருக்க மெல்லிய பட்டை ஒன்று, அதன்மேல் பிளாஸ்திரி. பிளாஸ்திரியில் பூனை மீசை வரைந்தது அவருடைய சொந்தச் சேர்க்கை.

வீட்டுக்கு அனுப்புமுன் எங்கள் இருவரையும் செய்துகாட்டச் சொன்னவரும் அவர்தான். குழாயில் சத்துப் பால் விடும் முன் ஒவ்வொரு முறையும் இரைப்பை நீரைச் சிரிஞ்சில் கொஞ்சம் இழுத்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் தாளில் விட வேண்டும். 5.5 அல்லது அதற்குக் கீழே காட்டினால் குழாய் இரைப்பையில்தான் இருக்கிறது, பால் விடலாம். கூடுதலாகக் காட்டினால் ஒரு சொட்டுகூட விடாமல் வார்டுக்குத் தொலைபேசியில் அழைக்க வேண்டும், ஏனென்றால் குழாய் நுரையீரல் பக்கம் விலகியிருந்தால் பாலும் அங்கேதான் இறங்கும். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் என் கணவர் அந்தத் தாளை விளக்கடியில் பிடித்துப் பார்த்த கவனத்தை மின்கட்டண ரசீதில்கூடக் காட்டியதில்லை. பால் இறங்கும்போதும், இறங்கிய பின் சிறிது நேரமும் அவளைத் தலையணை வைத்துச் சாய்ந்து உட்காரவைக்கும் பொறுப்பையும் அவரே எடுத்துக்கொண்டார். அவருக்கும் நன்றி, வீட்டு மனிதர்தானே என்று விட்டுவிட மனமில்லை.

உணவியல் அதிகாரியின் பொறுமைக்குத் தனியாக ஒரு மடல் எழுதலாம். எடையோடு நில்லாமல் நாடாவால் மேல்கையின் சுற்றளவையும் அளப்பார். உடம்பில் நீர் கோத்துக்கொண்டால் தராசு பொய் சொல்லும், கை சொல்லாது என்பார். என் மாமியார் மிளகு ரசத்தையும் நொய்க் கஞ்சியையும் குழாயில் ஊற்ற வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். இவ்வளவு மெல்லிய குழாயில் கஞ்சி அடைத்துக்கொள்ளும், பேத்திக்கு வேண்டிய அளவு சத்தும் அதில் இல்லை என்று மலாயில் அதிகாரி சொல்ல நான் தமிழில் சொன்னேன். மாமியார் அசையவில்லை. கடைசியில், “ரசத்தை வாயில் கொடுங்கள் பாட்டி, ஆசைப்பட்டால் ஒரு கரண்டி” என்றார். குழாய் இருந்தாலும் வாயால் சாப்பிடலாம் என்பது எங்களுக்கு அன்றுதான் தெரியும். சத்துக்குப் பால் இருக்கிறது என்றானதும் யாரும் கெஞ்சவில்லை. கெஞ்சாதபோது அவளே ரசம் கேட்டாள்.

கீமோ மாத்திரையை வீட்டில் பொடிக்கக் கூடாது என்று எழுதி ஒட்டிக்கொடுத்த மருந்தாளருக்கும், மருந்துக்கு முன்னும் பின்னும் குழாயில் தண்ணீர் விட மறக்காதபடி எங்களுக்கு அட்டவணை போட்டுத் தந்த பயிற்சித் தாதிக்கும் நன்றி.

ஒரு நள்ளிரவில் வாந்தியோடு குழாயும் வெளியே வந்துவிட்டது. நீங்களாக உள்ளே தள்ளாதீர்கள் என்று முன்பே சொல்லியிருந்ததால் நேரே மருத்துவமனைக்குப் புறப்பட்டோம். எதிர்வீட்டுச் சீன ஆன்ட்டி இரவு உடையோடு வந்து எங்கள் சின்னவனைத் தூக்கிக்கொண்டார். ஜெலுத்தோங்கிலிருந்து ஏற்றிச்சென்ற கிராப் வாடகைக் கார் ஓட்டுநர் அண்ணன், இருக்கையில் வாந்தி பட்டும் துடைக்கக் காசு வாங்கவில்லை. அவர் பெயர்கூட எனக்குத் தெரியாது. யாராவது அவருக்குத் தெரிந்தவர்கள் இதைப் படித்தால் சொல்லிவிடுங்கள்.

தைப்பூசத்துக்குத் தண்ணீர்மலை முருகன் கோயில் அடிவாரத்தில் பந்தல் போடும் தம்பிகள் பால் டின்களுக்குப் பணம் திரட்டித் தந்தார்கள். அவற்றில் திறக்காத டின்களும் பிரிக்காத சிரிஞ்சுகளும் கொஞ்சம் மீதமிருக்கின்றன. காலாவதித் தேதி இன்னும் தொலைவில் இருக்கிறது. தேவைப்படும் பெற்றோர் முதலில் உங்கள் உணவியல் அதிகாரியிடம் டின்னின் பெயரைக் காட்டிக் கேளுங்கள், பிறகு வார்டில் சொல்லி அனுப்புங்கள். கணவர் கொண்டுவந்து தருவார்.

நன்றியுடன்,
பூனை மீசைக்காரியின் அம்மா
ஜெலுத்தோங், பினாங்கு