விடியற்காலைக் காற்றளவைத் திரும்பக் கொண்டுவந்தவர்களுக்கு நன்றி

மண்டபம் கடற்கரையில் எங்கள் சமுதாயக் கூடத்து மொட்டைமாடியில் இருக்கும் வானிலை நிலையம் மறுபடியும் இரவு பகலாக அளவு அனுப்புகிறது. அதற்காக உழைத்த எல்லோருக்கும் இந்த மடல்.

பகலெல்லாம் ஒழுங்காக வந்த தகவல், பின்னிரவில் நின்றுபோகும். வெயில் ஏறினால் தானாகவே வந்துவிடும். நாட்டுப்படகுக்காரர்கள் காற்று பார்த்துக் கிளம்பும் நேரமே அதுதான். 2024 நவம்பரில் ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 செ.மீ.க்கு மேல் கொட்டித் தீர்த்ததைப் பார்த்த ஊர்க்காரர்களுக்கு, அந்த இடைவெளி சின்ன விஷயம் இல்லை.

டவரில்தான் கோளாறு என்று பலரும் சொன்னார்கள். தொலைபேசித் துறையில் இருந்து ஓய்வு பெற்ற ஐயா மட்டும், "முதல்ல லாகர் நினைவகத்தைப் பாருங்க" என்றார். லாகர் என்பது அளவுகளைப் பதிந்து வைக்கும் கருவி. பார்த்தால், விடிய விடியப் பதிவு விட்டுப்போகாமல் இருந்தது. அளப்பதில் குறையில்லை, அனுப்புவதில்தான் குறை என்று அப்போதே தெளிவாகிவிட்டது. ஐயா, அந்த ஒரு வார்த்தை எங்கள் அலைச்சலைப் பாதியாக்கியது.

அப்புறம் படகுகளுக்கு வயரிங் பார்க்கும் தம்பி. தூக்கத்தைக் கெடுத்துக்கொண்டு அதிகாலை 4 மணிக்கு மாடி ஏறி, நெற்றி விளக்கு வெளிச்சத்தில் பேட்டரியில் மின்னழுத்தம் அளக்கும் மல்டிமீட்டரை வைத்தார். 12.3 வோல்ட். பார்த்தால் நல்ல பேட்டரி மாதிரிதான். மோடம் தகவல் அனுப்பத் தொடங்கியதும் அதே முள் 9.7க்கு இறங்கியது, மோடம் அணைந்து, மறுபடி எழுந்து, மறுபடி அணைந்தது. லாகர் அந்த வோல்ட்டிலும் ஓடும், மோடம் தாங்காது. பகலில் சோலார் பேனல் கைகொடுத்ததால் பேட்டரியின் வலுக்குறைவு வெளியே தெரியவில்லை. சும்மா இருக்கும் பேட்டரியை அளந்து பயனில்லை, பாரம் ஏற்றி, அதாவது கருவி மின்சாரம் இழுக்கும்போது, அளக்க வேண்டும் என்று அவர் சொன்னதை இனி யார் வந்து கேட்டாலும் சொல்வோம். புதுப் பேட்டரிக்குப் பணம் போட்ட வலைக்காரக் குடும்பங்களுக்கும், பேனலில் காக்கா எச்சத்தைத் தினமும் துடைத்துவிடும் பிள்ளைகளுக்கும் நன்றி.

பேட்டரி மாற்றியும் ஈரக்காற்று நாட்களில் தகவல் விட்டுவிட்டு அறுந்தது. பொறியியல் படிக்கும் தங்கச்சி லேப்டாப்போடு வந்தார். லாகரிலிருந்து மோடத்துக்குப் போகும் கேபிளைக் கழற்றி, ஒரு முனையை லேப்டாப்பில் செருகி, மறுமுனையில் 2, 3 எண் ஊசிகளை (ஒன்று அனுப்ப, ஒன்று வாங்க) சின்னக் கம்பியால் இணைத்தார். தட்டிய எழுத்து அப்படியே திரும்பி வர வேண்டும், வரவில்லை. கேபிள் இல்லாமல் செய்தபோது வந்தது. சரி, கேபிள்தான். இணைப்பியின் மூடியைத் திறந்தால் ஊசி முழுக்கப் பச்சைக் களிம்பு, வயரின் தோலுக்கு அடியிலும் செம்பு கருத்துப்போயிருந்தது. இரண்டு பக்கமும் கடல் உள்ள இடத்தில் உப்பு எங்கேதான் நுழையாது!

படகில் போடும் வெள்ளீயம் பூசிய கம்பியால் புதுக் கேபிள் செய்து கொடுத்து, காசு வாங்க மறுத்த கடைக்கார அண்ணனுக்கு எங்கள் கடன் தீராது. கேபிளைக் கருவிகள் இருக்கும் பெட்டியின் அடிப்பக்கம் வளைத்து நுழைத்து, மழைநீர் உள்ளே இறங்காமல் சொட்டிவிடும்படி செய்ததும் அவர்தான்.

ஐப்பசி மழைக்கு முன்னால் பெட்டியை ஒருமுறை திறந்து, ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை மாற்றி, எல்லா இணைப்பையும் பார்க்கப் போகிறோம். முடிந்தவர்கள் வாருங்கள், மல்டிமீட்டர் இருந்தால் எடுத்து வாருங்கள்.

அன்புடன்,
வானிலை நிலையப் பராமரிப்புக் குழுவுக்காக