பேஸ்போல் முடிவுகளைப் பகிர்வது தொடர்பான அறிவித்தல்

குழு உறுப்பினர் அனைவருக்கும் வணக்கம்.

ரொறன்ரோவில் இரவு 7 மணிக்குத் தொடங்கும் புளூ ஜேய்ஸ் அணியின் ஆட்டம் கிளிநொச்சியில் மறுநாள் அதிகாலை 4.30 மணிக்கு வருவதால், வயலுக்கும் வேலைக்கும் செல்லும் பலர் மாலையில்தான் பதிவைப் பார்க்கின்றனர். ஆகவே இலங்கை நேரம் இரவு 8 மணிக்கு முன்னர் ஓட்ட எண்ணிக்கையையோ வெற்றிப் படங்களையோ குழுவில் பகிர வேண்டாமெனக் கேட்டுக்கொள்கிறோம். கனடாவிலுள்ள உறவினர் அனுப்பும் குரற்பதிவுகளுக்கும் (அவையே பெரும் தொல்லை) இது பொருந்தும்.

புளூ ஜேய்ஸ் அணி லொஸ் ஏஞ்சலிஸ் டொட்ஜர்ஸ் அணியைச் சந்தித்த 2025 உலகத் தொடரின் (வட அமெரிக்க பேஸ்போல் இறுதித் தொடர்) மூன்றாவது ஆட்டம், காலபோக விதைப்புக் காலத்தில், இங்கு விடியும் வேளையில் தொடங்கி 18 இன்னிங்ஸ் (வழமையாக ஒன்பதுதான்) நீண்டு, நண்பகல் கடந்த பின்னரே 6–5 என டொட்ஜர்ஸ் அணிக்குச் சாதகமாக முடிந்தது. வரம்பில் இருந்தபடி 14ஆவது இன்னிங்ஸ் வரை பார்த்த நம்மவர் ஒருவர், கைபேசியில் சார்ஜ் தீர்ந்து வீடு திரும்பி மின்னேற்றியபோது, முதலில் கண்டது இக்குழுவில் கிடந்த முடிவைத்தான்.

ஏழாவது ஆட்டமும் 11 இன்னிங்ஸில் 5–4 எனக் கைநழுவியது. 1993க்குப் பின் கிண்ணத்துக்குக் காத்திருப்போர் தோல்வியையாவது தம் கண்ணால் பார்க்கட்டும்.

எல்லே (பேஸ்போலை ஒத்த நம் நாட்டு விளையாட்டு) ஆடிப் பழகிய புதிய உறுப்பினர்கள் விதிமுறைச் சந்தேகங்களை எந்நேரமும் கேட்கலாம்.

நிர்வாகிகள்