7, 37, 67

டச்சு ஹார்பர், அலாஸ்கா
பிப்ரவரி 14

அன்புள்ள செல்வம்,

அம்மாவுக்குக் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்தது என்று படித்த பிறகுதான் மனம் ஆறியது. நேற்றுதான் கரைக்கு வந்தோம். சரக்கை இறக்கிவிட்டு நாளை மறுபடி பெரிங் கடலுக்குப் போகிறோம்.

மீன்பிடிக் கப்பலில் கண்காணிப்பாளனாக நான் பிடிபட்ட மீனில் மாதிரி எடுத்துக் கணக்கெழுதுவதைப் பற்றி, "கண்ணை மூடிக்கொண்டு ஒரு கூடை அள்ளினால் போதாதா, எதற்குக் குலுக்கல் எண் அட்டவணை?" என்று கேட்டிருந்தாய். கண்ணை மூடினாலும் கை சும்மா இருக்காது, செல்வம். அது பெரிய மீனைத்தான் தேடிப் போகும். தவிர, வலையின் மடிக்குள் மீன் சீராகக் கலந்து கிடப்பதில்லை. தொட்டியில் கொட்டும்போதும் பெரியது ஒரு பக்கம், சிறியது ஒரு பக்கம் என்று ஒதுங்கும். தொட்டியிலிருந்து மீனைக் கொண்டுபோகும் ஓடும் பட்டையில் முதலில் வருவதை மட்டும் அள்ளினால் மொத்தக் கணக்கும் தப்பு.

வலையை ஒருமுறை இழுத்து ஏற்றும் ஒரு இழுப்பில் 90 டன் போலாக் மீன் என்று வைத்துக்கொள். அதை 30 டன் வீதம் மூன்றாகப் பிரிப்பேன். முதல் பங்கில் எங்கே தொடங்குவது என்பதை அட்டவணை சொல்லும். 7 என்று வந்தால் 7, 37, 67ஆவது டன் ஓடும்போது கூடையை நீட்டுவேன். எத்தனை டன் ஓடியது என்பதைப் பட்டையில் இருக்கும் தராசே காட்டிவிடும். அந்த இடத்தில் ஜெல்லி மீன் வந்தாலும் அள்ளத்தான் வேண்டும்.

முதல் வருடம் வேறொரு கப்பலில், அட்டவணை சொன்ன அதிகாலை 3 மணி இழுப்பைத் தூக்கக் கலக்கத்தில் விட்டுவிட்டுப் பகல் இழுப்பை எடுத்தேன். பகலில் ஏறும் மீன் வேறு, இரவில் ஏறும் மீன் வேறு. கரையில் சரிபார்த்தவர் கண்டுபிடித்து அந்தக் கணக்கையே தள்ளிவிட்டார். இன்றும் உறுத்துகிறது.

படகைத் தேர்ந்தெடுப்பதிலும் இதே கதைதான். 2013க்கு முன்பு இங்கே 60 முதல் 125 அடிக்குள் உள்ள படகுகளில், மீன்பிடி நாட்களில் 30 சதவீதத்துக்குக் கண்காணிப்பாளர் இருந்தால் போதும். எந்த நாட்கள் என்பதைப் படகுக்காரரே முடிவு செய்வார். ஆள் இருக்கும் நாளில் ஓரிடம், இல்லாத நாளில் வேறிடம் என்று போனால் நாம் எழுதுவதற்கு என்ன மதிப்பு? இப்போது அந்தப் படகுகளில் பலவற்றுக்கு எந்தப் பயணத்தில் ஆள் ஏறுவது என்பதைக் குலுக்கல்தான் தீர்மானிக்கிறது. போலாக்கைப் பிடித்துக் கப்பலிலேயே பதப்படுத்தும் பெரிய ஆலைக் கப்பல்களில் எப்போதும் இரண்டு பேர் இருப்போம்.

போலாக் இழுப்பில் சிக்கும் சினூக் சால்மன் என்ற மீனுக்கு மட்டும் மாதிரி எடுப்பது கிடையாது. 2011 முதல் ஒவ்வொன்றாக எண்ணுகிறோம். எப்போதாவது வரும் மீனைக் கூடையில் பார்த்து மொத்த இழுப்புக்கும் பெருக்கினால் ஒன்று, இரண்டு கூடினாலே எண்ணிக்கை எங்கோ போய்விடும்.

அப்புறம், நீ துறைமுகத்தில் கணக்கெடுக்கும்போது படகுகளை எப்படித் தேர்ந்தெடுக்கிறாய்? முதலில் வந்து கட்டுவதையா, சீட்டுப் போட்டா? விவரமாக எழுது.

அன்புடன்,
முருகன்