‘இல்லை’ என்று எழுதுமுன்

ஆசிரியருக்கு,

பழைய தண்டனை உள்ளவர்கள் தொழில் உரிமத்துக்கு விண்ணப்பிக்கையில் சறுக்குவது பெரும்பாலும் ‘குற்றப் பின்னணி உண்டா?’ என்ற ஒரே கேள்வியில்தான். ‘அபராதம் மட்டும்தானே கட்டினோம்’ என்று ‘இல்லை’ போட்டுவிடுகிறார்கள். குற்ற வழக்கில் விதித்த அபராதமும் தண்டனைதான். சரிபார்ப்பில் அது வெளிவந்தால், பழைய குற்றத்தைவிடப் பொய்த் தகவலே மறுப்புக்குப் பெரிய காரணமாகிவிடும். கேட்பது கைதையா, தண்டனையையா என்று வார்த்தை வார்த்தையாகப் படியுங்கள்.

தீர்ப்பின் சான்றிட்ட நகல், அபராத ரசீது, சிறை சென்றிருந்தால் விடுதலையான சான்று எல்லாம் முன்கூட்டியே கையில் இருக்கட்டும். பழைய வழக்குக் கட்டைத் தேடி எடுக்க வாரக்கணக்கில் ஆகலாம். விளக்கக் கடிதம் ஒரு பக்கம் போதும். நற்சான்று தருபவருக்கு வழக்கு விவரம் தெரிந்திருக்க வேண்டும். அந்தத் தொழிலுக்கான படிப்புக்குப் பணம் கட்டுமுன்பே, தகுதி உண்டா என உரிமம் வழங்கும் குழுவிடம் எழுத்தில் கேட்டுவிடுங்கள்.

மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் தருவது குழுவின் கடமையாக வேண்டும். காரணமே தெரியாதவர் மேல்முறையீட்டில் எதை வாதாடுவார்?

– ஒரு வாசகர்