கியர் பல்லு வெட்ட ஹொப்பிங் மட்டும்தானா?

ஆசிரியர் ஐயாவுக்கு,

திருகோணமலையில போட் வின்ச்சோ, கந்தளாய்ப் பக்கத்து அரிசி ஆலையோ, ஒரு கியர் உடைஞ்சா உடன எல்லாரும் சொல்லுறது கொழும்புக்கு அனுப்பு, கியர் பல்லு வெட்டவெண்டே இருக்கிற ஹொப்பிங் மிஷின்ல வெட்டினாத்தான் சரிவரும் எண்டு. ஒரேயொரு கியருக்கு அது தேவையே இல்லை.

சுத்துற கட்டரால இரும்பைச் செதுக்கிற சாதாரண மில்லிங் மிஷினும், வட்டத்தைச் சம பங்காப் பிரிச்சுத் திருப்புற டிவைடிங் ஹெட்டும் இருந்தா இஞ்சயே வெட்டலாம். 27 பல்லு வேணுமெண்டு வையுங்கோ, ஹெட் 40க்கு 1, அதாவது கைப்பிடிய 40 தரம் சுத்தினா கியர் ஒரு சுத்து, அப்ப ஒவ்வொரு பல்லுக்கும் கைப்பிடிய ஒரு முழுச் சுத்து சுத்தி ஹெட்டின்ர தட்டில இருக்கிற 27 ஓட்டை வட்டத்தில இன்னும் 13 ஓட்டை தள்ளோணும், எண்ணுறதில ஒரு ஓட்டை பிசகினா அந்த இரும்புத்துண்டு பழைய இரும்புக்காரனுக்குத்தான். குறை ஒண்டு இருக்கு, மறைக்கேல்ல. ஒரு மொடியூலுக்கு (பல்லின்ர பருமன் அளவு) 8 கட்டர்தான் செட்டா வரும், 26 தொடக்கம் 34 பல்லு வரைக்கும் ஒரே கட்டர், அது 26க்குத்தான் அச்சொட்டா இருக்கும், மற்றதுக்கு பல்லு வடிவம் கொஞ்சம் விலகும். மெதுவா ஓடுற வின்ச்சுக்கு அது காணும், வேகமா ஓடுற கியர்பொக்ஸுக்கு சத்தம் வரும்.

ஹொப்பிங்ல கட்டரும் கியரும் சேர்ந்தே சுத்துறதால ஒரே ஹொப் (அந்த மிஷின்ர கட்டர்) அந்த மொடியூலில எல்லாப் பல்லு எண்ணிக்கைக்கும் சரியான வடிவம் தரும், நூறு கியர் எண்டா அதுதான் லாபம். ஆனா உள்பல்லு கியர் அதில சாதாரணமா வெட்டேலாது, அதுக்கு கட்டர் மேலும் கீழும் போய் வெட்டுற கியர் ஷேப்பர் மிஷின் வேணும்.

இஞ்சத்த தொழிற்பயிற்சிப் பெடியளுக்கு கொம்பியூட்டரால ஓடுற சிஎன்சி மிஷினோட டிவைடிங் ஹெட்டையும் கையில குடுத்துப் பழக்குங்கோ.

பட்டறைக்காரன் ஒருவன்,
திருகோணமலை